'யாருமே' என்கிற சொல்

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் மருத்துவன் இல்லை. கடலூரில் 32 வருடம் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். மனச்சோர்வைப் பற்றிப் பேச என்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்றால், ஒன்றரை வருடம் நான் அதில் கிடந்தேன்.

ஓய்வு பெற்ற ஆறாம் மாதம், ஒரு சாயங்காலம். திருப்பாதிரிப்புலியூரில் பேருந்துக்கு நிற்கிறேன். என்னிடம் படித்த பையன் ஒருவன் காதில் போனை வைத்தபடி என்னைத் தாண்டிப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. நடந்தது அவ்வளவுதான். வீடு வந்து சேர்வதற்குள் அது 'யாருமே நம்மை மதிப்பதில்லை' என்று ஆகிவிட்டது. ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் 'எப்பவுமே மதித்ததில்லை'. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தபோது, 'பாடம் நடத்தினதெல்லாமே வீண்'. ஒரு பையன் போன் பேசிக்கொண்டு நடந்ததற்கு 32 வருட உழைப்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன் பாருங்கள்.

அந்த நாட்களில் என் மனைவி சங்கரா மீன் குழம்பு வைத்துவிட்டு, "ஏங்க, உப்பு சரியா இருக்கா?" என்று கேட்பாள். எனக்குச் சொல்லத் தெரியாது. நாக்கில் ருசியே இல்லை. "மனசை அலைய விடாதீங்க சார்" என்று புத்தி சொன்னவர்கள் ஒரு பேருந்து நிறைய இருப்பார்கள். அலையாமல் அதை எந்தத் தூணில் கட்டுவது என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. கடைசியில் அவள்தான் புதுச்சேரிக்கு, ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனாள்.

அவர் முதலில் தைராய்டுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். மாத்திரை எழுதினார். அதன் பிறகு, "ஐயா, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்க. மனசு சுருக்குனு வாடுற நேரத்துல உள்ளே ஓடுற வாக்கியத்தை அப்படியே எழுதுங்க" என்றார்.

இந்த நோட்டுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில், பிலடெல்பியாவில், ஆரன் பெக் என்று ஒரு மனநல மருத்துவர். அடக்கிவைத்த கோபம் உள்பக்கம் திரும்புவதுதான் மனச்சோர்வு என்று கற்றுக்கொண்டவர். 1960களில், தன் நோயாளிகள் சொல்லும் கதைக்குப் பக்கத்திலேயே வேறொரு ஓட்டம் ஓடுவதைக் கவனித்தார். கூப்பிடாமல் வருகிற, சட்டென்று வந்து போகிற எண்ணங்கள். நான் உதவாதவன், உலகம் ஒத்துவராது, இனி விடியாது என்று தன்னையும் உலகத்தையும் நாளையையும் சேர்த்து இருட்டடிக்கிறவை. நோயாளிக்கு அவை எண்ணமாகவே தெரிவதில்லை, உண்மையாகத் தெரிகின்றன. பெக் 2021இல், நூறு வயதில் காலமானார்.

என் நோட்டில் இரண்டு வாரம் எழுதினேன். வாத்தியார் புத்தி, சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு திருத்த உட்கார்ந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. யாருமே, எப்பவுமே, ஒண்ணுமே. பக்கத்துக்குப் பக்கம் முற்றும்மை, அதன் வாலில் தேற்ற ஏகாரம்! ஒன்றையும் மிச்சம் வைக்காத 'உம்', சந்தேகத்துக்கு இடம் கொடுக்காத 'ஏ'. பையன்களுக்கு இந்த இரண்டையும் வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான்.

வட்டம் போட்டேன். 'யாருமே மதிப்பதில்லை' என்பதை அடித்துவிட்டு, 'ஒரு பையன் பார்க்கவில்லை' என்று எழுதினேன். 'எல்லாரும் மதிக்கிறார்கள்' என்று எழுதியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் முற்றும்மைதான். அதையும் வெட்ட வேண்டியதுதான்.

இன்னொன்று, அசைபோடுவது. மாட்டுக்கு அசைபோட்டால் செரிக்கும், மனுசனுக்குச் செரிப்பதில்லை. 1989 அக்டோபரில் கலிபோர்னியாவில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் சூசன் நோலன்-ஹோக்ஸிமா என்ற உளவியலாளர், அங்குள்ள ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக மாணவர்களிடம், மனம் சரியில்லாதபோது என்ன செய்வீர்கள் என்று கேட்டு வைத்திருந்தார். நிலநடுக்கத்துக்குப் பிறகு திரும்பவும் போய்க் கேட்டார். 'எனக்கு ஏன் இப்படி' என்று அதையே சுற்றிச் சுற்றி வருகிற பழக்கம் முன்பே இருந்தவர்களுக்குச் சோர்வு கூடுதலாக இருந்தது, ஏழு வாரம் கழித்தும்.

நமக்கு நிலநடுக்கம் வேண்டாம், 'தானே' புயல் போதும். 2011 டிசம்பர் 30 காலை. பண்ருட்டிப் பக்கம் என் உறவில் இரண்டு வீட்டுக்கும் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. ஒருவர் கன்று நட்டார். இன்னொருவர் விழுந்த மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, 'எனக்குன்னே வந்துது பாரு' என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு மரத்தின் பேரில் கடன் இருந்தது, முதலாமவருக்கு இல்லை. நினைப்பு ஒரு காரணம், கடனும் ஒரு காரணம். எல்லாவற்றையும் நினைப்பின் தலையில் கட்டுகிற பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் ஆசையும் போயிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே, அந்த நிமிடமே யாரிடமாவது சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி இருக்கிறது. ராப்பகலாக, இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

நோட்டு எழுதுவதை நான் விடவில்லை. இது ஐந்தாவது நோட்டு. இன்று காலை இங்கே கிளம்பும் முன் எழுதின வரி: 'வானொலியில் போய் உளறத்தான் போகிறேன்.' அந்தத் 'தான்'மேல் வட்டம் போட்டுவிட்டுத்தான் பேருந்து ஏறினேன். வணக்கம்.