மேனர் பார்க்கில் தொடங்கும் காடு

நேயர்களுக்கு வணக்கம். அக்டோபர் பிறந்ததும் இலை நிறம் பார்க்க எங்கே போகலாம் என்ற பேச்சு லண்டனில் எழும். வெஸ்டன்பர்ட் மரப்பூங்கா, ஸ்டவர்ஹெட் தோட்டம் என்று பெயர்கள் அடிபடும். அவை பேரழகு வாய்ந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் இருவழிப் பயணத்திலேயே குறுகிய பகலின் பெரும்பகுதி கழிந்துவிடும். கிழக்கு லண்டனில் வாழும் நம்மவர்களுக்கோ ஒரு பெருங்காடு வீட்டு வாசலிலேயே இருக்கிறது. முருகன் கோயில் அமைந்துள்ள மேனர் பார்க்கிலிருந்து சிறிது தூரம் நடந்தால் வரும் வான்ஸ்டெட் புல்வெளி எப்பிங் காட்டின் தென்கோடி. அங்கிருந்து ஏறத்தாழ 19 கிலோமீட்டர் நீளத்துக்கு, சில இடங்களில் மெலிந்தும் சில இடங்களில் அகன்றும், எப்பிங் நகரம்வரை செல்லும் இக்காட்டுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.

காட்டின் வடபகுதிக்குச் செல்ல சென்ட்ரல் லைனில் லாட்டன், தெய்டன் பாய்ஸ், எப்பிங் ஆகிய நிலையங்களில் ஏதேனும் ஒன்றில் இறங்கலாம். உள்ளே நுழைந்ததும் மரங்களின் வடிவம் கண்ணில் படும். ஆள் உயரத்துக்குச் சற்று மேல்வரை ஒற்றை அடிமரமாக நிற்கும் பீச் மரம், அதற்கு மேல் ஐந்தாறு பெருங்கிளைகளாகப் பிரிந்து வானோக்கிச் செல்கிறது. ஹார்ன்பீம் மரங்களும் அவ்வாறே. இது இயற்கையாக அமைந்த வடிவம் அன்று. சுற்றியிருந்த ஊர் மக்கள் விறகுக்காகச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளைகளைக் கவாத்து செய்துவந்தார்கள்; தரையோடு வெட்டினால் புதுத் துளிர்களை மேயும் மாடுகள் தின்றுவிடும் என்பதால், அவற்றின் வாய்க்கு எட்டாத உயரத்தில் வெட்டினார்கள்.

இந்த வெட்டுக்கும் பருவம் உண்டு. லாட்டன் ஊராருக்கு நவம்பர் 11 தொடங்கி ஏப்ரல் 23 வரை கிளை வெட்டும் உரிமை இருந்தது. நவம்பர் 11 நள்ளிரவில் முதல் கிளையை வெட்டத் தவறினால் அந்த உரிமை பறிபோகும் என்று அவர்கள் நம்பினார்கள். அதனால் நிலவுடைமையாளர் ஊராரை விருந்துக்கு அழைத்து மது ஊற்றி மயக்கிவிடப் பார்த்ததாகவும், தாமஸ் வில்லிங்கேல் என்ற முதியவர் எழுந்துபோய்க் கிளையோடு திரும்பிவந்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியிருந்தாலும் போராட்டம் உண்மை. 1860களில் நிலவுடைமையாளர் காட்டை வேலியிட்டு அடைத்தபோது, வில்லிங்கேல் குடும்பத்தார் வழக்கம்போலக் கிளை வெட்டி, 1866இல் சிறைக்கும் சென்றார்கள்.

இறுதியில் காட்டைக் காப்பாற்றியதில் ஒரு மயானத்துக்கும் பங்குண்டு என்பதை நேயர்கள் கேட்டு வியக்கக்கூடும். லண்டன் மாநகர நிர்வாகம் தன் இடுகாட்டுக்காக மேனர் பார்க் அருகே நிலம் வாங்கியிருந்தது. அந்த நிலத்துக்கு உரியவர் என்ற முறையில் காட்டில் மாடு மேய்க்கும் உரிமையும் அதற்குக் கிடைத்தது. மேய்ச்சலுரிமையோ காடு முழுவதற்கும் பொதுவானது. அதைப் பிடித்துக்கொண்டு 1871இல் நிர்வாகம் வழக்குத் தொடுத்தது; வேலிகள் சட்டவிரோதமானவை என்று 1874இல் தீர்ப்பு வந்தது. 1878ஆம் ஆண்டின் எப்பிங் காட்டுச் சட்டம் காட்டை மாநகர நிர்வாகத்திடம் ஒப்படைத்தது. 1882இல் விக்டோரியா அரசியார் நேரில் வந்து அதனை மக்களுக்கு அர்ப்பணித்தார். கிளை வெட்டும் உரிமை மட்டும் சட்டத்தோடு முடிவுக்கு வந்தது. அதற்கான இழப்பீட்டைக் கொண்டு கட்டிய லாப்பிங் ஹால் என்ற மண்டபத்தை லாட்டன் கடைத்தெருவில் இன்றும் காணலாம்.

வெட்டு நின்றபின் தடித்துவிட்ட கிளைகளைத்தான் இன்று நாம் அண்ணாந்து பார்க்கிறோம். கோடையில் அவற்றின் கீழ் இருள் கவிந்திருக்கும். நாள்கள் குறுகும்போது இலைகளின் பச்சையம் சிதைய, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. ஹார்ன்பீம் அந்த மஞ்சளோடு நின்றுவிடும். பீச் மேலும் முதிர்ந்து செம்பு நிறம் கொள்ளும். ஓக் மிகப் பிந்தியே மாறும். ஆகவே எந்த வாரம் போவது என்று அதிகம் கவலைப்படத் தேவையில்லை. என் விருப்பம் நவம்பர் முதல் வாரம். பாதி இலை உதிர்ந்து, ஒளி தரைவரை இறங்கும் காலம் அது.

அக்டோபரில் சென்றால் மான்களின் கூடற்பருவம். இக்காட்டின் ஃபாலோ மான்களில் கருநிறம் மிகுந்தவை அதிகம். ஆண் மானின் குரலில் இனிமை எதுவும் இல்லை. அது ஒரு கரகரத்த உறுமல். விலகி நின்று கேட்பதே நல்லது. விழுந்த பீச் மரங்களில் பலவகைக் காளான்கள் முளைத்திருக்கும். பறிப்பதற்கு இங்கே தடை உண்டு. அந்தத் தடை எனக்கு உடன்பாடே. சமையலறைக்குக் காளான் கடையில் கிடைக்கும்.

காட்டைத் தாண்டி வயல்வெளிக்குள் போக விரும்புவோர் கம்பங்களில் மஞ்சள் அம்புக்குறியைத் தேடுங்கள். அது நடப்போருக்கான பொதுவழி. தனியார் வயலின் நடுவே சென்றாலும் நடக்க உங்களுக்குச் சட்ட உரிமை உண்டு. நீல அம்புக்குறியிட்ட வழியில் குதிரைகளும் சைக்கிள்களும் வரலாம். பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் இப்பாதைகள் பச்சைக் கோடுகளாகக் குறிக்கப்பட்டிருக்கும். நாயோடு செல்வோர் மாடு மேயும் வயல்களில் அதைக் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும்.

முதன்முறை செல்வோருக்குத் தெய்டன் பாய்ஸில் இறங்கி, மேடேறிக் காட்டுக்குள் புகுந்து, ஆம்ப்ரெஸ்பரி பேங்க்ஸ் எனப்படும் இரும்புக்காலக் கோட்டையின் மண்கரைகளைப் பார்த்துவிட்டு எப்பிங் நிலையத்துக்கு நடக்கும் வழியைப் பரிந்துரைப்பேன். மழைக்குப் பிறகு களிமண் வழுக்கும். கோயிலுக்குப் போகும் காலணிகள் உதவா. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி பின்னே போவதால், நவம்பர் தொடக்கத்தில் மாலை நான்கரை மணி அளவிலேயே சூரியன் மறைந்துவிடும். காலை பத்து மணிக்குள் ரயிலேறுங்கள். தெய்டன் பாய்ஸுக்கே திரும்பி வருவதானால் கைவிளக்கு ஒன்று அவசியம். அந்த ஊரில் தெருவிளக்குகள் இல்லை. ஊரார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.