பாயிண்ட் எவ்வளவு?

நேயர்களுக்கு வணக்கம். சேலத்தைச் சுற்றி மரவள்ளி போடுகிறவர்கள் வீட்டில், கிழங்கு பிடுங்கி லாரி ஏற்றியதும் காதில் விழும் கேள்வி ஒன்றுதான்: "பாயிண்ட் எவ்வளவு வந்துச்சு?" கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்பதைத்தான் பாயிண்ட் என்கிறோம். ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் விலை அதை வைத்துத்தான்.

நான் பௌதிக வாத்தியார். ஓய்வு பெற்ற பிறகும் கூப்பிட்ட பள்ளிகளுக்குப் போய்வருகிறேன். வாழப்பாடி பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள்: "ஐயா, பாயிண்ட்டைக் குறைச்சுப் போட்டுட்டாங்கன்னு எங்கப்பா சொல்லிக்கிட்டே இருக்கார். நாமளே அளந்து பார்க்க முடியாதா?"

முடியும். அவள் புத்தகத்திலேயே ஆர்க்கிமிடிஸ் இருக்கிறார். மாவு தண்ணீரைவிட அடர்த்தியான பொருள். அதனால் மாவு கூடுதலாக உள்ள கிழங்கு தண்ணீருக்குள்ளும் கூடுதல் எடை காட்டும். 3 கிலோ கிழங்கைக் கூடையோடு தொங்கவிட்டுத் தண்ணீரில் முழுக்கினால், கூடையின் எடை போக 300 கிராம் சொச்சம்தான் நிற்கும். அந்தச் சொச்சத்தில் கூடுகிற, குறைகிற பத்து இருபது கிராமில்தான் அப்பாவின் பணம் இருக்கிறது.

அளக்கும் சாமானும் அந்தப் பள்ளியிலேயே இருந்தது. அலமாரியில், பூட்டுப் போட்டு! பிள்ளைகள் கருவிகளைத் தாங்களே செய்து பார்க்க, 2016-இல் நிதி ஆயோக் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பொருள் வந்துவிடும், ஸ்டாக் ரிஜிஸ்டரிலும் ஏறிவிடும். உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் சாவி மட்டும் வெளியே வராது. ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நானும் அப்படிப் பூட்டி வைத்தவன்தான்.

சாவி வந்தது. ஒரு லோட் செல், அதற்கான ஆம்ப்ளிஃபையர் சில்லு, ஆர்டுயினோ என்கிற சின்னக் கணினி போர்டு ஒன்று. லோட் செல் என்பது விரல் நீள அலுமினியக் கட்டை. எடை தொங்கினால் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். மேலே ஒட்டிய மெல்லிய கம்பியின் மின்தடை அதற்கேற்ப மாறும். அதைத்தான் போர்டு கிராமாக மாற்றிச் சொல்கிறது.

முதல் நாள் எண் ஓரிடத்தில் நிற்கவேயில்லை. அறிவியல் ஆசிரியை என்னைப் பார்த்தார். எனக்கும் காரணம் தெரியவில்லை. "தெரியலை, பார்ப்போம்" என்று அவரே பிள்ளைகளிடம் சொன்னார். அன்றைக்கு நடந்த நல்ல பாடம் அதுதான் என்பேன். கடைசிப் பெஞ்சுப் பையன் ஒருவன் போய் ஃபேனை நிறுத்தினான். எண் நின்றது.

அப்புறம் இன்னொரு தொல்லை. அதே கிழங்கு, அதே தண்ணீர். இரண்டாம் முறை எடை கூடுகிறது. எட்டிப் பார்த்தால், முதல் முறை தோலின் மடிப்புகளில் காற்றுக் குமிழ்கள் ஒட்டியிருந்திருக்கின்றன. குமிழ் கிழங்கைத் தூக்கிப் பிடிக்கும்; பாயிண்ட் இறங்கும். யாரும் ஏமாற்றாமலேயே கணக்கு மாறலாம் என்று அந்தப் பெண் கண்டுகொண்டாள். ஏமாற்றவே மாட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை!

இப்படித்தான் ஏற்காட்டில் ஆசிரியர்கள் சிலரோடு ஒருநாள் தண்ணீர் கொதிக்கவைத்தோம். வெப்பம் அளக்கும் சென்சார் 95 டிகிரிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. பாதிப் பேர் சென்சார் கெட்டுவிட்டது என்றார்கள். கீழே சேலத்துக்கு வந்து அதையே போட்டால் 99. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு, கொதிநிலையும் குறைவு. மேலே தேநீர்க் கடை வைத்திருந்த அம்மாவுக்கு இது முன்பே தெரியும். "இங்க குக்கர் இல்லாம பருப்பு சீக்கிரம் வேகாதுங்க" என்றார்.

வேலை என்று வந்தால் பிள்ளைகள் டாக்டர், இன்ஜினியரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உருக்காலையிலும் பால் பண்ணையிலும் சேகோ ஆலையிலும் அளவுக் கருவிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஐடிஐயில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் என்றே ஒரு பிரிவு உண்டு. டிப்ளமோவிலும் தனிப் படிப்பு இருக்கிறது. தராசு சரியா என்று சோதிப்பதே ஒரு பிழைப்பு என்று சொன்னபோது, அந்தப் பெண் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

போன மாதம் போயிருந்தேன். லேப் திறந்திருந்தது. தராசுக்குப் பக்கத்துச் சுவரில் சாக்பீஸில் எழுதியிருந்தது: "ஃபேனை நிறுத்தவும். குமிழைத் துடைக்கவும்." கீழே, மண் போகாத அரை மூட்டைக் கிழங்கு. யாருடையது என்று கேட்டேன். லாரி ஏற்றுவதற்கு முன்னால் பாயிண்ட் பார்த்துச் சொல்லச் சொல்லி அவள் அப்பா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.