பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

தாய்க்கோ தந்தைக்கோ தண்டனை விதிக்கும்போது நீதிமன்றம் குற்றத்தை மட்டும் பார்த்தால் போதுமா, வீட்டில் இருக்கும் குழந்தையையும் பார்க்க வேண்டுமா என்பதே இன்றைய தலைப்பு. குழந்தையையும் பார்த்தே ஆக வேண்டும் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், பிள்ளையைக் காட்டிக் குற்றவாளிகள் தப்பிவிடுவார்கள் என்றார். அப்படிப்பட்ட பெற்றோரைப் பிரிவதே பிள்ளைக்கு நல்லது என்றும் சொன்னார்.

பிரிவதே நல்லது என்பது சில வீடுகளில் உண்மைதான். பெற்ற பிள்ளையையே அடித்து வதைக்கும் தந்தை வெளியேறினால்தான் அந்தப் பிள்ளைக்குத் தூக்கம் வரும். ஆனால் அது எந்த வீடு என்று எப்படித் தெரியும்? அதற்கும் பிள்ளையின் நிலையை விசாரித்துத்தானே ஆக வேண்டும்? நண்பர் தம்மை அறியாமல் எங்கள் அணிக்குச் சாட்சி சொல்லியிருக்கிறார்.

மற்ற வீடுகளுக்கு வருவோம். தெற்கு லண்டனைச் சேர்ந்த 411 சிறுவர்களின் வாழ்க்கையை 1961 முதல் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. பத்து வயதுக்குள் மரணத்தாலோ மருத்துவமனை வாசத்தாலோ பெற்றோரைப் பிரிந்தவர்களைவிட, சிறையால் பிரிந்தவர்களே பின்னாளில் அதிகமாகத் தடம் மாறினார்கள். வறுமை போன்ற மற்றக் காரணங்களைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வேறுபாடு முற்றிலும் மறையவில்லை.

ஏன் அப்படி? மரணம் நேர்ந்தால் சுற்றம் கூடி அழும். சிறை என்றால் கதவைச் சாத்திக்கொண்டு, "அப்பா வெளியூரில் வேலை பார்க்கிறார் என்று சொல்" எனப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். எட்டு வயதில் அந்தப் பொய்யைத் தினமும் வகுப்பறைக்குச் சுமந்து செல்கிறது அந்தக் குழந்தை. யாரிடமும் மனம்விட்டு அழக்கூட அதற்கு வழியில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. எந்தச் சட்டப் பிரிவின் கீழ் அந்தக் குழந்தைக்கு இந்தத் தண்டனை?

தப்பிவிடுவார்கள் என்ற அச்சத்துக்குத் தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றம் 2007இல் பதில் சொல்லிவிட்டது. கடன் அட்டை மோசடி செய்த ஒரு தாய். 16, 12, 8 வயதில் மூன்று மகன்கள். அவர்களைத் தனியாக வளர்த்தவர் அவர். கீழ் நீதிமன்றம் சிறைக்கு அனுப்பச் சொன்னது. அரசியல் சாசன நீதிமன்றம் நான்காண்டுச் சிறைத் தண்டனையில் எஞ்சியிருந்ததை நிறுத்திவைத்து, ஏமாந்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டது. மூன்றாண்டுக் கண்காணிப்பும் வாரம் பத்து மணி நேரச் சமூகப் பணியும் அதோடு சேர்ந்தன. இதில் யார் தப்பினார்கள்? ஏமாந்தவர்களுக்கு என்ன நீதி என்று நண்பர் கேட்கலாம். சிறைக்குள் இருப்பவர் எதைச் சம்பாதித்து அவர்களுக்குத் திருப்பித் தருவார்?

எல்லோரையும் விட்டுவிடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. 2010இல் ஐ.நா. ஏற்ற பாங்காக் விதிகளும் அப்படிச் சொல்லவில்லை. கர்ப்பிணிக்கும் குழந்தையை வளர்க்கும் தாய்க்கும் இயன்ற இடத்தில் சிறையல்லாத தண்டனை கொடுங்கள். கொடிய குற்றமென்றால் சிறை விதிக்கலாம், அப்போதும் குழந்தைக்கு உரிய ஏற்பாடு செய்யுங்கள் என்கின்றன. அவை பெண்களுக்கான விதிகள். தந்தைக்காக ஏங்கும் பிள்ளைக்கும் அதே அக்கறை வேண்டும் என்பது என் கருத்து.

சிறைதான் முடிவென்றாலும், பெற்றோரைப் பிரிந்த குழந்தை தன் நலனுக்குக் கேடில்லாதவரை அவர்களோடு தொடர்பில் இருக்கலாம் என்கிறது 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமை உடன்படிக்கை. அந்த உரிமையைக் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நிறுத்திவைக்காதீர்கள். மடியில் உட்கார விடுங்கள்.

நடுவர் மணியைத் தொடுகிறார். தீர்ப்பு நாள் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். கைது செய்ய வரும் அதிகாரி அந்த வாசலிலேயே ஒரு கேள்வி கேட்கட்டும்: இன்று மாலை உங்கள் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வரப்போவது யார்?