பின் சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவுல வெறும் அட்டையா? தகடு போடுங்க மக்களே!

வணக்கம் மக்களே. இதை முதல்ல பாருங்க, கேமராவுக்குக் கிட்ட கொண்டு வர்றேன். நடுவுல மேலிருந்து கீழ வரைக்கும் ஒரு கோடு ஓடுதா? கறுப்புப் பூச்சு வெடிச்சு, உள்ள இருக்கற பழுப்பு நார் பிசிறு பிசிறா நிக்குது. விரல் வெச்சா பொடியா உதிருது. இது புது போர்டு! 1966 ஃபோர்டு மஸ்டாங் கூப்பே காருல பின் சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவுல வர்ற தடுப்பு. அமெரிக்காவுல இருந்து தென்னாப்பிரிக்காவுல நம்ம டர்பன் வரைக்கும் வந்திருக்கு, வழியில யாரோ பெட்டியை ரெண்டா மடிச்சிருக்காங்க. மேல பெருசா "மடிக்காதே"ன்னு ஒட்டியிருக்கு, அந்த ஸ்டிக்கர் மேலயே மடிப்பு!

அழுத்திச் செஞ்ச நார்ப்பலகை ஒரு தடவை மடிஞ்சா மடிஞ்சதுதான். உள்ள நார் அறுந்துடுது. தண்ணி தெளிச்சு மேல பாரம் வெச்சா நிமிரும்னு சொல்லுவாங்க, கேக்காதீங்க. டிக்கிச் சூட்டுல அதே கோட்டுலதான் திரும்ப வளையும்.

இதுக்கு ஆன செலவைச் சொல்லாம விட மாட்டேன். போர்டு விலை ஒன்னும் பெருசில்ல, அனுப்பற கூலிதான் ஆளைக் கொல்லுது. விமானத்துல வர்ற கூரியர் பார்சலுக்கு எடையையும் பாப்பாங்க, பெட்டி அடைக்கற இடத்தையும் பாப்பாங்க, ரெண்டுல எது கூடவோ அதுக்குக் காசு. நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 5000-ஆல வகுப்பாங்க. 130-க்கு 65-க்கு 3 செ.மீ. பெட்டின்னு வெச்சுக்குங்க. பெருக்கினா 25,350. வகுத்தா 5 கிலோவுக்கு மேல வருது. உள்ள இருக்கற போர்டு ரெண்டரை கிலோதான்! மீதி அத்தனையும் காத்துக்குக் குடுத்த காசு. இங்க இறங்கினதும் 15 சதவீதம் வாட். அதையும் நேரா பொருள் விலைக்குப் போட மாட்டாங்க. கஸ்டம்ஸ் மதிப்போட இன்னொரு 10 சதவீதம் ஏத்தி, தீர்வை இருந்தா அதையும் சேத்து, அந்த மொத்தத்துக்கு 15. ஆக 1000 ராண்ட் பொருளுக்குத் தீர்வையே இல்லாட்டியும் 165 ராண்ட் வாட் வருது.

எதுக்கு இவ்வளவும்? 3 மி.மீ. ஹார்ட்போர்டுக்கு! எந்த ஹார்ட்வேர் கடையில போய் மேசனைட்னு கேட்டாலும் எடுத்துக் குடுப்பாங்க. நம்ம குவாசுலு-நட்டால் மாகாணத்துலயே, எஸ்ட்கோர்ட் ஊர்ல, இந்தப் பலகைக்குன்னு மில் வெச்சு ஓட்டினாங்க. 2440-க்கு 1220 ஷீட் ஒன்னு வாங்கினா ரெண்டு போர்டு வெட்டலாம். ஒன்னு கெட்டாலும் கையில இன்னொன்னு இருக்கும். பக்கியில, அதான் பிக்கப் வண்டியில, முழு ஷீட் ஆடிக்கிட்டே வரும், கடையிலயே பாதியா அறுத்துத் தரச் சொல்லுங்க.

ஆனா இன்னைக்கு நான் முக்கியமா சொல்ல வந்தது போர்டு இல்ல. போர்டு அழகுக்கு. அதுக்குப் பின்னாடி ஒரு இரும்புத் தகடு இல்லாம மஸ்டாங் கூப்பேயை ரோட்டுல எடுக்காதீங்க. ஏன்னு சொல்றேன்.

இந்த வண்டியில டேங்க் டிக்கித் தரைக்குக் கீழ தொங்கல. தரையில பெரிய ஓட்டை, அதுல டேங்கை மேலிருந்து இறக்கி, சுத்தி விளிம்புல ஸ்க்ரூ போட்டு நிறுத்தியிருக்காங்க. டேங்கோட மேல் தகடுதான் டிக்கித் தரை. அது மேலதான் நீங்க பெட்டியை வெக்கறீங்க. 65, 66 மாடல்ல 16 அமெரிக்க கேலன், கிட்டத்தட்ட 60 லிட்டர். பெட்ரோல் ஊத்தற குழாயும் பின் பேனல் நடுவுல இருந்து டிக்கிக்குள்ளயே வந்து, ஒரு ரப்பர் ஹோஸ் வழியா டேங்க்ல சேருது. பின்னாடி இருந்து பலமா ஒரு வண்டி இடிச்சா டேங்க் நசுங்கும், ஹோஸ் கழலும், பெட்ரோல் டிக்கிக்குள்ள தெறிக்கும். அங்க இருந்து உங்க பிள்ளைங்க உக்காந்திருக்கற இடம் வரைக்கும் நடுவுல என்ன இருக்கு? குறுக்குக் கம்பிப் பட்டை, இந்த அட்டை, சீட் பஞ்சு. அவ்வளவுதான். N3 நெடுஞ்சாலையில டவுன் ஹில் இறக்கத்துல பின்னாடி லோடு ட்ரக் எப்படி வரும்னு நம்ம ஆளுங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

தகடு 0.9 மி.மீ. கால்வனைஸ்டு போதும். 1.2 போட்டா வளைக்கறது கஷ்டம், எடையும் கூடும். இது வண்டியைத் தாங்கறதுக்கு இல்ல. பெட்ரோல், ஆவி, நெருப்பு மூணையும் நிறுத்தி, ஆளு வெளிய இறங்க நேரம் குடுக்கணும், அதுக்குத்தான். அலுமினியம் போடாதீங்க. 660 டிகிரியிலயே உருகிடும், பெட்ரோல் தீ அதைத் தாண்டிப் போகும்.

சரி, வேலைக்கு வருவோம். பின் சீட்டோட கீழ் மெத்தையை முன் விளிம்புல முழங்காலால பின்னாடி அழுத்தித் தூக்கினா கொக்கியை விட்டு வந்துடும். சாய்மானத்துக்கு அடியில ரெண்டு மூலையிலும் ஒவ்வொரு போல்ட். அதைக் கழட்டி நேரா மேல தூக்குங்க, முன்னாடி இழுத்தா மேல இருக்கற கொக்கி வளைஞ்சுடும். பழைய போர்டு கிழிஞ்சு கிடந்தாலும் தூக்கிப் போடாதீங்க. துண்டு துண்டா இருந்தாலும் தரையில பரப்பி டேப் ஒட்டுங்க, ஓட்டை எங்க எங்கன்னு அதுதான் சொல்லும்.

ஒரு நிமிஷம், இதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும். பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டுத்தான் டிக்கியில கை வெக்கணும். டேங்கையும் வெளிய எடுத்துடுங்க. பெட்ரோலை வடிச்சு, பெட்ரோல் அளவை மீட்டருக்குச் சொல்ற சென்டர் யூனிட்டோட (sender) வயரையும் ஃப்யூயல் லைனையும் ஹோஸையும் விட்டு, சுத்தி ஸ்க்ரூவைக் கழட்டினா மேல தூக்கிடலாம். பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், டிக்கிப் பள்ளத்துல போய்த் தேங்கி நிக்கும். அங்க ட்ரில்லோ கிரைண்டரோ ஓட்டறது தற்கொலை. வடிச்ச காலி டேங்க் பத்திரம்னு நினைக்காதீங்க, ஆவி நிறைஞ்ச காலி டேங்க்தான் அதிக ஆபத்து. அதைத் தூரமா, வெளிய, நிழல்ல வையுங்க.

இப்ப டெம்ப்ளேட். என்னைக் கேட்டா மொத்த வேலையில பாதி இதுதான். தேர்தல் சமயத்துல கம்பத்துல கட்டுவாங்களே பிளாஸ்டிக் போர்டு, கொரெக்ஸ், அதுதான் எனக்குப் பிடிச்ச சாமான். கத்தியில வெட்டலாம், நனையாது, வளையாது. இடது பாதி ஒன்னு, வலது பாதி ஒன்னு தனித்தனியா வெட்டி, ரெண்டையும் உள்ள வெச்சு நடுவுல ஒன்னு மேல ஒன்னு ஏறற மாதிரி டேப் போடுங்க. இடதை வெட்டித் திருப்பிப் போட்டு வலதுன்னு வரையாதீங்க. அந்தக் காலத்து பாடி ரெண்டு பக்கமும் ஒரே அளவுல இருக்காது, தட்டி நிமித்தின வண்டின்னா இன்னும் மோசம்.

டெம்ப்ளேட்டை வெச்சதும் டிக்கி மூடியை முழுசா மூடித் திறந்து பாக்கணும். மூடியைத் தூக்கற முறுக்குக் கம்பி ரெண்டும் பார்சல் ஷெல்ஃபுக்கு (பின் கண்ணாடிக்கு அடியில இருக்கற தட்டு) கீழ, நம்ம தடுப்புக்கு டிக்கிப் பக்கமா ஒட்டியே குறுக்க போகுது. கம்பிக்கும் தகட்டுக்கும் குறைஞ்சது 10 மி.மீ. இடைவெளி வேணும். இல்லன்னா ஒவ்வொரு தடவை மூடி திறக்கறப்பவும் உரசும், பெயின்ட் போய் அந்த இடத்துல துரு ஆரம்பிக்கும்.

தகட்டை முழுசா ஒரே துண்டா வெட்டினா உள்ள போகவே போகாது. ரெண்டு துண்டு, நடுவுல 25 மி.மீ. ஒன்னு மேல ஒன்னு. முன் சீட்டைத் தள்ளி, கதவு வழியா கேபின் பக்கத்துல இருந்து வெக்கறதுதான் சுலபம். தகடு உக்கார்ற குறுக்குப் பட்டையில இருக்கற துருவை முழுசா சொறிஞ்சு எபாக்ஸி பிரைமர் அடிச்சிருக்கணும். இந்த ஊர் உப்புக் காத்துல, அதுவும் கடலோரத்துல ப்ளஃப் பக்கம் வீடுன்னா, துரு மேல தகடு மூடினா உள்ளயே தின்னும். 4.8 மி.மீ. இரும்பு ரிவெட், 75-ல இருந்து 100 மி.மீ.க்கு ஒன்னு. ரிவெட் அடிக்கறதுக்கு முன்னாடி விளிம்பு முழுக்க பாலியூரிதேன் சீம் சீலர், அதான் இடுக்கை அடைக்கற பசை, ஒரு கோடு, அடிச்ச பிறகு மேல இன்னொரு கோடு. வெல்டிங் வேண்டாம், கால்வனைஸ்டு தகட்டைச் சுட்டா வர்ற துத்தநாகப் புகை காய்ச்சல்ல கொண்டு போய் விடும்.

பாத்ரூம் சிலிக்கான் போடறவங்களைக் கண்டா எனக்கு ஆகவே ஆகாது. வினிகர் வாசனை வரும் பாருங்க, அதுல வர்ற அமிலமே இரும்பை அரிக்கும், மேல பெயின்டும் ஒட்டாது. அதைவிட மோசம் ஸ்ப்ரே ஃபோம். ஓட்டையெல்லாம் ஃபோம் அடிச்சு மூடிட்டேன்னு பெருமையா காட்டறாங்க. தண்ணியை உள்ள தேக்கி வெச்சுக்கும், தீப்பட்டா எரியும். தடுப்புன்னு சொல்லிக்கிட்டு எரியற சாமானையா வெப்பீங்க?

பார்சல் ஷெல்ஃபை மறந்துடாதீங்க! நிறைய பேர் சீட்டுக்குப் பின்னாடி அழகா மூடிட்டு, ஸ்பீக்கருக்கு வெட்டின ஓட்டையைத் திறந்தே விட்டுடறாங்க. அது நேரா உங்க தலைக்குப் பின்னாடி இருக்கு. அதுக்கும் அதே தகடு, அதே சீலர். டெயில் லைட் வயர் போற இடத்துல ரப்பர் கிராமெட் கட்டாயம், வெறும் தகட்டு விளிம்புல வயர் உரசினா ஷார்ட். எல்லாம் முடிஞ்சதும் ராத்திரி டிக்கிக்குள்ள ஒரு டார்ச்சைப் போட்டு மூடிட்டு, கேபின்ல உக்காந்து பாருங்க. எங்க வெளிச்சக் கீத்து தெரியுதோ அங்க சீலர் பத்தல.

சீலர் காஞ்சதும் போர்டு. அதே டெம்ப்ளேட், ஆனா சுத்தி 3 மி.மீ. சின்னதா. ஹார்ட்போர்டு ஈரத்துல நீளும், இடம் விடலைன்னா நடுவுல தொப்பை போடும். டர்பன் ஜனவரி ஈரத்துக்கு அது கட்டாயம். பல்லு பொடியா இருக்கற ஜிக்ஸா பிளேடுல, வழுவழுப்பான பக்கம் கீழ இருக்கற மாதிரி வெச்சு அறுங்க, பிசிறு பின்பக்கம் போயிடும். முன்னும் பின்னும் ரெண்டு பக்கமும், விளிம்பும், கிளிப் ஓட்டைக்குள்ளயும் கூட எண்ணெய் எனாமல் ரெண்டு கோட். முன்பக்கம் மட்டும் அடிச்சா பின்பக்கம் ஈரத்தைக் குடிச்சு வில்லா வளையும். மேல சாட்டின் கறுப்பு. பளபளன்னு அடிக்காதீங்க, பாக்கவே சகிக்காது.

கிளிப்புக்கு ஓட்டையை உங்க பிளாஸ்டிக் கிளிப்போட தண்டை அளந்து போடுங்க, விளிம்புல இருந்து 12 மி.மீ. உள்ள தள்ளி. விளிம்புக்குக் கிட்ட போட்டா முதல் தடவை கழட்டறப்பவே பிஞ்சுக்கும். ட்ரில் பண்றப்ப அடியில ஒரு மரக்கட்டை. கிளிப்பை மஸ்டாங் பாகம்னு கேக்காதீங்க, விலை ஏறிடும். அப்ஹோல்ஸ்டரி சாமான் விக்கற கடையில டோர் பேனல் கிளிப்னு கேளுங்க, அதே அளவு பாக்கெட்டா கிடைக்கும்.

மெர்சிடிஸ் டபிள்யூ 123 வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஈஸ்ட் லண்டன்ல செஞ்ச வண்டி நம்ம ஊர்ல இன்னும் நிறைய ஓடுது. அதுல டேங்க் பின் சீட்டுக்குப் பின்னாடி நிமிர்ந்து நிக்குது, டிக்கியில தெரியற அட்டை அதை மறைக்கத்தான். அந்த அட்டையைப் பசை போட்டு ஒட்டிடாதீங்க, சென்டர் யூனிட் கெட்டா கழட்ட வேண்டி வரும்.

கடைசியா டேங்க். விளிம்புல பழைய மாஸ்டிக்கைச் சுரண்டி எடுத்துட்டு புதுசா ஒரு சுத்து போட்டு இறக்குங்க. ஃபில்லர் ஹோஸ் புதுசு, பெட்ரோலுக்குன்னு விக்கறதுதான். ரேடியேட்டர் ஹோஸைப் போட்டா உப்பி இளகிடும். ரெண்டு கிளாம்பும் புதுசா போடுங்க. ஃபுல் டேங்க் போட்டு, கண்ணாடியை ஏத்திட்டு, வளைவான ரோட்டுல ஒரு சுத்து ஓட்டுங்க. உள்ள பெட்ரோல் வாசனை துளி வந்தாலும் சீலரைச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி அந்தக் கிளாம்ப் ரெண்டையும் இறுக்கிப் பாருங்க, அப்புறம் சென்டர் யூனிட்டோட ரப்பர் வளையத்தைப் பாருங்க.