வட்டுக்கோட்டைச் செமினரி: பிள்ளைகள் எதற்குப் போனார்கள்?

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

மிஷன் பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பேச வருகிறவர்கள் நம்மிடையே இரண்டு விதம். ஒரு சாரார், பாதிரிமார் வந்திராவிட்டால் நமக்கு எழுத்தறிவே கிடைத்திராது என்பார்கள். மறு சாரார், சோற்றைக் காட்டி மதம் மாற்றினார்கள் என்பார்கள். இரண்டு சாராருமே பாதிரிமாரைத்தான் பேசுகிறார்கள். பிள்ளையை அனுப்பிய தாய் தகப்பனை யாரும் பேசுவதில்லை. அவர்கள் கெட்டிக்காரர்கள். அதைச் சொல்லத்தான் நான் வந்தேன்.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் 1816-இல் இலங்கைக்கு வந்தார்கள். அப்போது பிரிட்டிஷ் ஆளுநராக இருந்த பிரவுன்றிக் அவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் இடம் கொடுத்தார். கிடைத்தவை, போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன பழைய தேவாலயங்கள். பலவற்றுக்குக் கூரையே இல்லை. தெல்லிப்பழையில் ஒன்று, வட்டுக்கோட்டையில் ஒன்று என்று திருத்திக் குடியேறினார்கள். நான்கு வருடம் கழித்து, 1820-இல், காரெட் என்ற அச்சுத் தொழிலாளி அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கினார். அதற்குள் ஆளுநர் பொறுப்பு கைமாறியிருந்தது. புதிய நிர்வாகம் அவரை நாட்டில் இருக்கவே விடவில்லை. பிரிட்டிஷ்காரருக்கு அமெரிக்கர்கள் மீது அன்றைக்கு அவ்வளவு நம்பிக்கை!

1823-இல் அந்த மிஷனின் பாதிரியார் டானியேல் பூவர் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக்கு ஒரு பள்ளியைத் தொடங்கினார். பின்னாளில் செமினரி என்று பேர் எடுத்தது அதுதான். பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். படிப்பு வேண்டும், சரி, சாப்பாடு? ஆரம்ப நாட்களில் மிஷன் வளவுக்குள் சமைத்ததைப் பிள்ளைகள் தொடவில்லை. ஆகவே பக்கத்தில் ஒரு சைவரின் காணியில் குசினி போட்டார்கள். வகுப்பு வேலிக்கு இந்தப் பக்கம், சோறு அந்தப் பக்கம். விட்டுக்கொடுத்தது யார் என்று கேட்டால், என் கணக்கில் பாதிரிமார்தான். ஆனால் இதில் நாம் பெருமைப்பட அதிகம் இல்லை. அந்த வேலி சாதி வேலி. செமினரியின் கதவு பெரும்பாலும் வெள்ளாளப் பிள்ளைகளுக்கே திறந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொரு வேடிக்கை பெயர்கள். அமெரிக்காவில் ஒருவர் ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொண்டால், தமக்குப் பிடித்த பெயரை அதற்கு வைக்கலாம். இப்படித்தான் யாழ்ப்பாணத்தில் ஹென்றி மார்ட்டின்களும் நெவின்ஸ்களும் உண்டானார்கள். சிலர் வீட்டில் அந்தப் பெயர் தலைமுறை தாண்டியும் நின்றுவிட்டது.

படிப்பு சும்மா படிப்பல்ல. தமிழ் இலக்கணம், ஆங்கிலம், கணிதம், தர்க்கம், வானியல். 1829-இல் ஒரு சந்திர கிரகணம் வந்தது. வட்டுக்கோட்டையில் பஞ்சாங்கம் கணித்த விசுவநாத சாஸ்திரியாரின் கணக்குக்கும் பூவரின் கணக்குக்கும் நேரம் ஒத்துவரவில்லை. அன்றிரவு ஊரே வானத்தைப் பார்த்தது. பூவரின் கணக்கே சரியாக வந்தது. இதோடு சைவம் ஆட்டம் கண்டுவிடும் என்று பாதிரிமார் எதிர்பார்த்திருப்பார்கள். ஊரார் என்ன செய்தார்கள்? கணக்கை எடுத்துக்கொண்டு, கோயிலுக்கும் போனார்கள். பூவருக்குப் பின் தலைமை ஏற்ற ஹொய்சிங்டன் நமது சோதிட கணித முறையையே உட்கார்ந்து படித்து நூல் எழுதினார் என்றால், யார் யாருக்குப் படிப்பித்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

பிரிட்டிஷ் இலங்கையின் காலனிச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் செமினரியைப் பார்த்துவிட்டு, ஐரோப்பாவின் பல பல்கலைக்கழகங்களுக்குச் சமமாக வைக்கலாம் என்று எழுதினார். ஆனால் அமெரிக்காவில் பொஸ்ரன் நகரில் இருந்த மிஷன் தலைமைக்கு இதுவே தலையிடியாகிவிட்டது. பிள்ளைகள் ஆங்கிலம் படித்தார்கள், அப்புறம் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார்கள். ஊழியத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. 1855-இல் அந்தத் தலைமையின் செயலாளர் ரூஃபஸ் அண்டர்சன் நேரில் வந்தார். சுவிசேஷத்தைத் தாய்மொழியில் சொன்னால் போதும், ஆங்கிலக் கல்வி மிஷனின் வேலையல்ல என்பது அவர் கட்சி. அந்த ஆண்டே செமினரி மூடப்பட்டது. அதைத் தொடங்கிய பூவர் அதே ஆண்டு பெப்ரவரியில் மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்திருந்தார். மூடியதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. அண்டர்சன் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு என்று நினைப்பவன் நான். ஆனால் தாய்மொழிக் கல்வியை அவர் கேட்டது தமிழுக்காக அல்ல.

மூடி இரண்டே வருடம். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் பி.ஏ. தேர்வை நடத்தியது. தேறியவர்கள் இருவர்: கறோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். சைவத்தை எதிர்த்து எழுதிய விசுவநாதபிள்ளை பிற்காலத்தில் சைவரானார். தாமோதரம்பிள்ளையும் சைவத்துக்கே வந்தார். ஏட்டில் கிடந்த கலித்தொகையை 1887-இல் அச்சேற்றியவர் அவர். சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் காணும் பொறுமை அவருக்கு நமது மரபிலிருந்தும் வந்தது, செமினரியிலிருந்தும் வந்தது. எவ்வளவு எங்கிருந்து என்று பிரிக்க நான் முயலமாட்டேன்.

பெண்பிள்ளைகள் கதை தனிச் சொற்பொழிவுக்கு உரியது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1824-இல் அதே மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ உடுவிலில் பெண்கள் விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். பெண்ணைப் படிக்கவைத்தால் யார் கட்டுவார் என்று பெற்றோர் கேட்டார்கள். படிப்பை முடித்துக் கலியாணம் செய்கிற பெண்ணுக்குச் சீதனமாக ஒரு தொகையைப் பள்ளியே கொடுத்தது! சீதனம் வாங்கும் ஊரில் பள்ளிக்கூடம் நடத்துவது லேசான காரியமா? 1840-இல் வந்த எலைசா அக்னியூ கலியாணம் செய்யாமல் ஏறத்தாழ நாற்பது வருடம் அந்தப் பள்ளியோடு இருந்தார். அமெரிக்காவுக்கு ஒருமுறைகூடத் திரும்பிப் போகவில்லை. 1883-இல் இங்கேயே காலமானார்.

வட்டுக்கோட்டைக்கு வருவோம். செமினரி மூடியபின் பழைய மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆங்கிலக் கல்வி வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள், தாங்களும் பணம் திரட்டினார்கள். 1872-இல் மிஷனைச் சேர்ந்த ஹேஸ்ரிங்ஸ் தலைமையில் யாழ்ப்பாணக் கல்லூரி அதே வட்டுக்கோட்டையில் தொடங்கியது. இன்னொன்றும் நடந்தது. வண்ணார்பண்ணையில் 1848-இலேயே ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியிருந்தார். அவர் படித்ததும் படிப்பித்ததும் பேர்சிவல் பாதிரியாரின் மெதடிஸ்த பள்ளியில். வகுப்பும் மணியும் அச்சுப் பாடநூலுமாகப் பள்ளி நடத்தும் விதத்தை அங்கே கற்றுக்கொண்டு, சமயத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்.

மறுபடி யாழ்ப்பாணக் கல்லூரிக்கு வருவோம். 1924-இல் ஹன்டி பேரின்பநாயகமும் தோழர்களும் தொடங்கிய மாணவர் காங்கிரஸ் பிறகு யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆனது. சாதி வேற்றுமைக்கு எதிராக அது குரல் கொடுத்தது. 1927-இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்ததும் அவர்கள்தான். பேரின்பநாயகம் அந்தக் கல்லூரியின் மாணவர்; அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர்; பிறகு கொக்குவில் இந்துக் கல்லூரிக்கு அதிபராகப் போனார். 1960-ஐ ஒட்டி அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைக் கையேற்றபோது யாழ்ப்பாணக் கல்லூரி தனியாகவே நிற்பது என்று முடிவெடுத்தது. கட்டணம் வாங்க முடியாது, அரசாங்கப் பணமும் வராது. கைகொடுத்தவற்றில் ஒன்று, கல்லூரிக்கென்று அமெரிக்காவில் முதலிட்டு வைத்திருந்த நிதி. அந்த நிதியை நிர்வகித்த நம்பிக்கைப் பொறுப்பாளர் சபை இருந்தது, செமினரியை மூடச்சொன்ன அதே பொஸ்ரனில்.