பொதுக்காய் வந்தால் ஆட்டம் கெடாது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

பலகை ஆட்டங்களில் யாருக்கும் சொந்தமில்லாத பொதுக்காயைச் சேர்ப்பது ஆட்டத்தை வளர்க்கிறதா, கெடுக்கிறதா? வளர்க்கிறது என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசியவர் இரண்டு குற்றச்சாட்டுகளை வைத்தார். பகடையை உருட்டுவது போல அது அதிர்ஷ்டத்தை உள்ளே விட்டுவிடுகிறதாம். கச்சிதமான விதிகளைக் குலைத்துவிடுகிறதாம்.

முதல் குற்றச்சாட்டுக்கு ஒரு வாத்தைச் சாட்சிக்கு அழைக்கிறேன். சிரிக்க வேண்டாம், 2016-இல் டிம் பால்டன் உருவாக்கிய வாத்து செஸ் உண்மையிலேயே இருக்கிறது. பலகையும் காய்களும் வழக்கமானவை, கூடுதலாக ஒரு வாத்து. தம் காயை நகர்த்தியதும் வாத்தை எடுத்து வேறொரு காலிக் கட்டத்தில் வைத்தே ஆக வேண்டும். வாத்தை வெட்ட முடியாது. குதிரையைத் தவிர வேறு காய் அதைத் தாண்டவும் முடியாது. செக் கிடையாது, ராஜாவை வெட்டுபவரே வெல்வார். வாத்து நிற்கும் இடம் இருவர் கண்ணுக்கும் தெரிகிறதே, இதில் அதிர்ஷ்டம் எங்கிருந்து வந்தது?

எதிரியின் யானை என் ராஜாவைக் குறிவைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாத்தைக் குறுக்கே நிறுத்துகிறேன். காயை நகர்த்திய பிறகுதான் வாத்தைத் தொடலாம் என்பதால் இந்த முறை யானையால் ஒன்றும் செய்ய முடியாது. அவர் வேறு காயை நகர்த்திவிட்டு வாத்தை அப்புறப்படுத்துகிறார். நானும் என் நகர்வை முடித்துவிட்டு அதைப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்துகிறேன். இப்படியே போனால் அவர் எப்படி வெல்வது? இரண்டு திசையிலிருந்து குறிவைக்க வேண்டும், ஏனென்றால் ஒரு வாத்து ஒரு வழியைத்தான் அடைக்கும். இல்லையென்றால் குதிரையை அனுப்ப வேண்டும். மனப்பாடம் செய்துவைத்த தொடக்க நகர்வுகள் இங்கே கைகொடுக்காது. நண்பருக்கு வருத்தம் அதனால்தானோ என்னவோ!

அடுத்து, விதி குலைகிறது என்பதற்கு ஹெக்ஸ் ஆட்டத்தைக் காட்டினார். நல்ல உதாரணம், ஒப்புக்கொள்கிறேன். 1942-இல் பீட் ஹைன் வடிவமைத்தது. ஆளுக்கு இரண்டு எதிரெதிர் ஓரங்கள். அவற்றைத் தம் நிறக் காய்களால் இணைப்பவர் வெல்வார். ஆட்டம் சமனில் முடியவே முடியாது என்பதுதான் அதன் பெருமை. யாருக்கும் உதவாத ஒரு காயை நடுவே வைத்தால் அந்தப் பெருமை போய்விடும் என்றார். போய்விடும்தான். ஆனால் அதே காயை இருவருக்கும் உதவும் காயாக வைத்துப் பாருங்கள்! சிவப்பும் அதன் வழியே போகலாம், நீலமும் போகலாம். பலகை முழுதும் நிறைந்ததும் அதைச் சிவப்பாகவே எண்ணிக்கொள்ளுங்கள். அது பழைய ஹெக்ஸ்தான். இருவரில் ஒருவர் கட்டாயம் இணைத்திருப்பார். ஆகவே சமன் வராது. இருவருடைய பாதையும் அந்தக் காய் வழியாகவே முடிந்தால், முந்தியவருக்கு வெற்றி. பழியை விதி எழுதியவர் மீது போடுங்கள், காயை விட்டுவிடுங்கள்.

நேற்று முளைத்த மோகம் என்றும் போகிற போக்கில் குத்தினார். செஸ் புதிர்களில் இரு தரப்பும் நகர்த்தக்கூடிய காய்களை டி. ஆர். டாசன் 1912-லேயே புகுத்திவிட்டார்.

அடுத்து எழப்போகும் எதிரணித் தலைவர், பொதுக்காய் எந்த ஆட்டத்திலும் ஒட்டவே ஒட்டாது என்பார். ட்வான் ஆட்டத்தில் 49 காய்கள். அவற்றில் 3 மட்டும் சிவப்பு, அவை யாருக்கும் சொந்தமில்லை. அந்தச் சிவப்புக் காய்களோடு தொடர்பு அறுந்த காய்கள் அத்தனையும் பலகையை விட்டு வெளியேற வேண்டும். தலைவர் அந்த மூன்றையும் எடுத்துவிட்டு அதே ஆட்டத்தை ஆடிக் காட்டட்டும். இதோ, நான் உட்கார்ந்து பார்க்கிறேன்.