சோறு பிசையும் கை

(மலேசியாவின் சுங்கை சிப்புட் தமிழ்ப்பள்ளி ஒன்றின் மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பேசியதன் எழுத்து வடிவம்.)

எல்லாருக்கும் வணக்கம். மைக் கத்துகிறது, கொஞ்சம் தள்ளி நின்றே பேசுகிறேன்.

நான் இந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா பால்மரம் வெட்டியவர். நாங்கள் இருந்த லயம் இப்போது இல்லை, அந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. நான் பிளாஸ்டிக் சர்ஜன் என்று சொன்னதும் கல்யாண வீடுகளில் பெண்கள் சூழ்ந்துகொள்வார்கள், "இந்த மூக்கைக் கொஞ்சம் பாரேன்" என்று. அது வேறு வேலை. புற்றுநோயிலோ விபத்திலோ உடம்பில் ஒரு பகுதியை இழந்தவர்களுக்கு அதைத் திரும்ப அமைத்துக் கொடுப்பதுதான் என் வேலை. அதற்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது எங்கள் துரதிர்ஷ்டம்.

ஒரு பாட்டி என்னிடம் கேட்டார்: "ஏம்மா, உள்ளே பிளாஸ்டிக்கை வச்சா தைப்பீங்க? வெயில்ல உருகிடாதா?" சிரிக்காதீர்கள், இங்கேயும் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அது கிரேக்கச் சொல். வனைவது என்று பொருள், குயவர் களிமண்ணை வனைகிறாரே, அது. பிளாஸ்டிக் வாளி வருவதற்கு வெகுகாலம் முன்பே மருத்துவத்தில் அந்தச் சொல் புழங்கியது.

இந்தக் கலையில் நமக்குப் பழைய உறவு உண்டு. சுசுருத சம்ஹிதையில் கன்னத்துத் தோலை எடுத்து மூக்கு அமைக்கும் முறை இருக்கிறது. 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் ஒரு செய்தி வந்தது. ஆங்கிலேயப் படையில் மாட்டு வண்டி ஓட்டிய ஒருவர், திப்பு சுல்தானின் ஆட்களிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தவர். புனே பக்கத்தில், செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருடைய நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு அமைத்துக் கொடுத்தார். 20 ஆண்டுகள் கழித்து, 1814இல், லண்டனில் கார்ப்யூ என்ற மருத்துவர் அதே முறையைச் செய்து பார்த்தார். மூக்கில் புற்றுநோய் வந்து வெட்டி எடுத்தவர்களுக்கு நானும் இன்று நெற்றித் தோலைத்தான் திருப்புகிறேன். ஊசியும் மயக்க மருந்தும் மாறியிருக்கின்றன, யோசனை அந்தப் புனேக்காரருடையதுதான்.

அந்த யோசனை உங்களுக்குப் புதிதில்லை. கொய்யாக் கிளையில் பதியம் போட்டிருப்பீர்கள். கிளை தாய் மரத்தோடு இருக்கும்போதே வேர் விட வைத்து, பிறகுதானே அறுக்கிறோம்? நெற்றித் தோலையும் அப்படியே. புருவத்துப் பக்கம் ஒரு காம்பை விட்டுவிட்டு, மற்றதைத் தூக்கித் திருப்பி மூக்கில் தைப்போம். காம்பு வழியாக ரத்தம் வந்துகொண்டிருக்கும். மூன்று வாரத்தில் புது இடத்து ரத்தம் அதற்குள் ஊறிவிடும், அப்போது காம்பை அறுப்போம். அந்த மூன்று வாரமும் முகம் பார்க்கக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். முன்பே சொல்லிவிடுவேன், கண்ணாடியைத் திருப்பி வையுங்கள் என்று.

எல்லாக் காயத்துக்கும் பதியம் தேவைப்படாது. தீப்புண் போல தோல் மட்டும் போயிருந்தால், தொடையிலிருந்து காகிதம் போல் மெல்லியதாகத் தோலைச் சீவி எடுத்து வைத்தால் போதும். இது நாற்று நடுவது. கீழே உயிருள்ள சதை வேண்டும். வெறும் எலும்பின் மேல் வைத்தால் பாறையில் நட்ட கதைதான். சீவிய தொடை ஏறக்குறைய இரண்டு வாரத்தில் ஆறிவிடும். முதல் சில நாள் புது இடத்தைவிடத் தொடைதான் அதிகம் எரியும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நான் சொல்லி வைக்கிறேன்.

மூன்றாவது வழி, மரத்தையே மண்ணோடு பெயர்த்து வேறு தோட்டத்துக்குக் கொண்டுபோவது. தோல், கொழுப்பு, தேவையானால் எலும்பு, எல்லாவற்றையும் அதன் ரத்தக் குழாயோடு எடுத்து, புது இடத்துக் குழாயோடு நுண்ணோக்கியில் பார்த்துத் தைக்க வேண்டும். குழாய் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கும். நூல் தலைமயிரைவிட மெல்லியது. இரவெல்லாம் செவிலியர் மணிக்கு ஒரு தடவை வந்து, தைத்த சதை சூடாக இருக்கிறதா, நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார். கறுத்தால் உடனே திரும்ப அறுவைக் கூடத்துக்கு ஓட வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், நம் ஆட்களுக்கு வாய்ப் புற்றுநோய் அதிகம். வெற்றிலை பாக்கு. தாம்பூலத் தட்டைக் குறை சொல்லவில்லை, தட்டிலேயே இருக்கட்டும், வாய்க்குள் போக வேண்டாம். புகையிலை சேர்க்காத வெறும் பாக்குகூட புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் உறுதியாகச் சொல்லிவிட்டது. இப்போதே மூன்று விரலை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் பல் மருத்துவரைப் பாருங்கள். இரண்டு வாரம் ஆகியும் ஆறாத வாய்ப்புண் இருந்தாலும் அப்படியே.

ஓர் அக்கா. கன்னத்தில் புற்றுநோய் வந்து தாடையில் பாதியை எடுத்துவிட்டார்கள். எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். உயிரைக் காப்பாற்றினார்கள், அதில் குறையே இல்லை. ஆனால் தாடையைத் திரும்ப அமைக்கலாம் என்று அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. பத்து வருடம் எச்சில் ஒழுகும் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு இருந்தார். கல்யாண வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து ரசம் சாதம் குடிப்பார். குடிப்பார் என்றுதான் சொல்ல வேண்டும். மகள் வற்புறுத்தி என்னிடம் அழைத்து வந்தபோது, "உசுரு பொழைச்சதே போதும் டாக்டர், இவதான் சும்மா இழுத்துட்டு வந்தா" என்றார்.

இந்தப் "போதும்" எனக்குப் பழக்கமான சொல். என் அம்மாவும் சொல்வார். தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம்.

முழங்காலுக்குக் கீழே நமக்கு இரண்டு எலும்பு. உடம்புப் பாரத்தைப் பெரும்பாலும் பெரியதுதான் தாங்குகிறது. வெளிப்பக்கத்துச் சின்ன எலும்பில், மேலேயும் கீழேயும் கொஞ்சம் விட்டுவிட்டு நடுப்பகுதியை எடுக்கலாம், பிறகும் நடக்கலாம். அதை மூன்று துண்டாக்கி, தாடை போல வளைத்துத் தகட்டில் பொருத்தி, கழுத்து ரத்தக் குழாயோடு இணைத்தோம். கதிர்வீச்சு பட்ட கழுத்து, குழாய் எல்லாம் இறுகிக் கிடந்தது. பன்னிரண்டு மணி நேரம் ஆனது. புற்றை எடுக்கும் அன்றே சேர்த்துச் செய்திருந்தால் எங்களுக்கும் அவருக்கும் பாதிச் சிரமம். பேச்சு இன்னும் தெளிவில்லைதான். ஆனால் எச்சில் நின்றது. மகள் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்தார்.

அதனால் அறுவைக்குத் தேதி குறிக்கும்போதே ஒரு கேள்வி கேளுங்கள்: "எடுத்த பிறகு எப்படி மூடுவீர்கள்?" மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்தாலும் பரவாயில்லை.

மார்பகப் புற்றுநோய்க்கும் அதே கேள்விதான். ஆண்கள் யாரும் எழுந்து போக வேண்டாம், உங்கள் வீட்டுப் பெண்களுக்குத்தான் சொல்கிறேன். மார்பை எடுக்கும் அன்றே திரும்ப அமைக்கலாம், இரண்டு வருடம் கழித்தும் அமைக்கலாம். அடிவயிற்றுச் சதையை எடுத்துச் செய்யலாம், முதுகுத் தசையைத் திருப்பலாம், சிலிக்கோன் வைக்கலாம். கதிர்வீச்சு தர வேண்டியிருந்தால் சிலிக்கோனைச் சுற்றி இறுகிப்போக வாய்ப்பு அதிகம், அப்போது சொந்தச் சதைதான் மேல். தொடு உணர்வு பழையபடி முழுதாகத் திரும்பாது. இப்படி அமைப்பதால் புற்றுநோய் திரும்ப வருமோ என்று பயப்படாதீர்கள், அப்படி இல்லை. எதுவும் வேண்டாம், உள்ளாடைக்குள் பஞ்சு வைத்துக்கொள்கிறேன் என்றால் அதுவும் சரியான முடிவுதான். ஆனால் அந்த முடிவை அவர் எடுக்க வேண்டும். "இந்த வயசுல யார் பார்க்கப் போறா" என்று மாமியார் எடுக்கக் கூடாது.

சரி, விபத்துக்கு வருவோம். ஒரு தம்பியின் விரல் இயந்திரத்தில் துண்டாகிவிட்டது. கூட வந்தவர்கள் அதை மைலோ டின்னில் ஐஸ் கட்டிக்குள் புதைத்துக் கொண்டுவந்தார்கள். எவ்வளவு அக்கறை! விரல் மீன் போல உறைந்து கிடந்தது, ஒன்றும் செய்ய முடியவில்லை. ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேராக விரலில் படக் கூடாது. விரல் என்றால் நேரம் கொஞ்சம் தாங்கும். சதைப்பற்றுள்ள கை என்றால் ஆறு மணி நேரத்துக்குள் வந்தாக வேண்டும். இங்கே முடியாது என்று நினைக்காதீர்கள். 2000ஆம் ஆண்டிலேயே செலாயாங் மருத்துவமனையில், இறந்துபோன குழந்தையின் முழுக் கையை அதன் இரட்டைச் சகோதரிக்குப் பொருத்தியிருக்கிறார்கள்.

தீப்புண் பட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். கிச்சாப், பற்பசை எதுவும் வேண்டாம். அவற்றைச் சுரண்டி எடுப்பதே எங்களுக்குப் பெரிய வேலையாகிவிடுகிறது.

பணம்? வேலையிடத்து விபத்து என்றால் சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டம், இருக்கிறது. சீரமைப்பு அறுவையும் செயற்கை உறுப்பும் அதில் அடங்கும், அலுவலகக் கிராணியிடம் படிவம் கேளுங்கள். மற்றவர்கள் அரசு கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போகலாம், நிபுணரைப் பார்க்கச் சில ரிங்கிட்தான். காத்திருக்க வேண்டும், அதை மறைக்க மாட்டேன். புகைப்பவர்கள் அறுவைக்கு நான்கு வாரம் முன்பாவது நிறுத்துங்கள், இனிப்புநீர் உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் தைத்தது பிடிக்காது.

கேள்வி இருக்கிறதா? மூன்றாவது வரிசை ஐயா, சொல்லுங்கள்.

சின்ன வயதில் அடுப்பில் விழுந்த கை, விரல்கள் உள்ளே மடங்கி ஒட்டிவிட்டன. இப்போது அறுபத்தெட்டு வயது, இனிமேல் எதற்கு, இதுவே போதும் என்கிறார். எந்தக் கை, ஐயா? வலது. சாப்பிடுவது எப்படி? கரண்டியால்.

இத்தனை வருடத்தில் மூட்டுகளும் இறுகியிருக்கும், விரல் முழுசாக நிமிராது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒட்டிய தோலைப் பிரித்து, வேறு தோல் வைத்தால் சோறு பிசையும் அளவுக்கு வருமா என்று பார்க்க வேண்டும். கையைச் சட்டைப் பையிலிருந்து இங்கே எடுக்க வேண்டாம். பின்னால் மூன்றாம் ஆண்டு வகுப்பறை திறந்திருக்கிறது. தேநீர் குடித்துவிட்டு அங்கே வாருங்கள், நானும் வருகிறேன்.